உலகம் உண்டாகுமுன்னே

விக்கிரமசிங்கபுரம்
14.10.2024

கிறிஸ்துவுக்குள் அன்பான சாரம்மாளுக்கு,

உன் வீட்டுக்காரன் என்று எழுதக் கூசுகிறது. நான் போன் செய்தால் எடுக்கமாட்டாய், அதனால் கடிதம். உங்களை விட்டு வந்து ஒன்பது வருஷம். குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நாசர் பாயின் வாழைக்காய் மண்டியில் வேலை பார்க்கிறேன்.

உலகம் உண்டாகுமுன்னே தேவன் தம்முடையவர்களைத் தெரிந்தெடுத்தார் என்று நேற்று போதகர் பிரசங்கித்தார். என்னையுமா என்று நினைத்ததும் அழுகை வந்தது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் மகள் கெத்சிக்குப் பெண்குழந்தை என்று கேள்விப்பட்டேன். தாயும் பிள்ளையும் சுகந்தானே?

ஹெப்ரான்


பாளையங்கோட்டை
22.10.2024

கெத்சி அப்பாவுக்கு,

எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும். பிள்ளைக்கு நாலு மாதம். நவம்பர் 24 ஞாயிறு ஞானஸ்நானம்.

தேவன் உங்களைத் தெரிந்தெடுத்தார், சந்தோஷம். கெத்சி கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப்போக அப்பா இல்லாமல், என் தம்பிதான் கூட்டிக்கொண்டு போனான். அதுவும் உலகம் உண்டாகுமுன்னே குறித்து வைத்ததா? போதகரிடம் கேட்டு எழுதுங்கள்.

சாரம்மாள்


விக்கிரமசிங்கபுரம்
30.10.2024

அன்பான சாரம்மாளுக்கு,

கேட்டேன். "அழைத்தது அவர், ஓடிப்போனது நீர். ஓடினதை அவர் தலையில் கட்டாதேயும்" என்றார் போதகர். இரண்டும் எப்படிச் சேரும் என்றேன். எனக்கும் முழுசாக விளங்கவில்லை என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்.

எனக்கு விளங்கினதைச் சொல்கிறேன். பாபநாசம் படித்துறையில் போதையில் விழுந்து கிடந்தேன். நாசர் பாய் தூக்கினார். நான் அவரைக் கூப்பிடவில்லை. கெட்ட வார்த்தையால் ஏசினேன். அப்படியும் தூக்கினார். கிருபை என்றால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது. தேடினது நானில்லை, சாரா.

கல்யாணத்துக்கு வராதது என் பாவம். அதற்கு வேறு பெயர் கிடையாது. ஞானஸ்நானத்துக்கு வரட்டுமா என்று கேட்க எனக்கு வாயில்லை. அன்று இங்கனயே ஆலயத்தில் பிள்ளைக்காக ஜெபித்துக்கொள்வேன்.

ஹெப்ரான்


பாளையங்கோட்டை
12.11.2024

அன்புள்ள கெத்சி அப்பாவுக்கு,

இங்கே நாலு நாளாக மழை. துணி ஒன்றும் காயவில்லை.

உங்கள் கடிதத்தைக் கெத்சியிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, "அப்பாவ வரச் சொல்லும்மா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வந்து நிக்க அவருக்கு என்ன தகுதி இருக்கு?" என்றேன்.

"இந்தப் பச்சப்புள்ளைக்கு மட்டும் என்ன தகுதிம்மா இருக்கு? அது பாட்டுக்கு ஒறங்கிட்டுக் கெடக்கும். தண்ணி ஊத்தி சபையில சேத்துக்கிடுவாவ."

அடுப்படியில் போய் நின்றேன். இத்தனை வருஷம் ஒரு ஞாயிறும் தவறாமல் ஆலயத்துக்குப் போயிருக்கிறேன், நல்லவள் என்று பெயரும் வாங்கியிருக்கிறேன். உங்களைப்போலவே நானும் சும்மா கிடைத்ததைத்தான் வாங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

முழுசாக மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுதமாட்டேன். அது பைய வரட்டும். நீங்கள் முதலில் வாருங்கள்.

ஆராதனை எட்டரைக்கு. ஆனால் காலை ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுங்கள். நேரே ஆலயத்துக்குப் போனால் ஊர்தான் உங்களை முதலில் பார்க்கும். நாங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள்
சாரா