மூச்சு நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். தம்பி வீட்டில் படுக்க ஓர் ஓரம் கிடைத்ததா? தம்பி மனைவி முகம் கொடுத்துப் பேசுகிறாளா? நீங்கள் ஊரை விட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை என்று சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும். எழுதத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. மத்தியானத்துக்குள் கால் வீங்கிச் செருப்பு நுழையமாட்டேன் என்கிறது. இவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்து எனக்குப் புத்தி சொல்வதுதான் அவருக்கு முழுநேர வேலை. ஆக, வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

நம் தொழிற்சங்க ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. வாசலில் தொங்கும் 'தற்காலிகம் என்பது தண்டனை' பலகைக்குப் புதுசாக வர்ணம் அடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே நுழைந்துபோகிற நாங்கள் ஏழு பேரும் எண்பத்தொன்பது நாள் வேலை பார்த்து, தொடர் வேலை என்று ஆகிவிடாதபடி தொண்ணூறாம் நாள் வீட்டிலிருந்து, மறுநாள் வந்து புதிதாகச் சேருகிறவர்கள் மாதிரி கையெழுத்துப் போடுகிறோம். துப்புரவுத் தொழிலாளிக்கும் காவலாளிக்கும் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மனு அடிப்பதும் நாங்களே. நமக்கும் அதையே கேட்டால், நீங்கள் ஊழியர்கள் இல்லை, தோழர்கள் என்கிறார்கள். தோழருக்கு எதற்கு லீவு, எதற்கு நிரந்தரம்?

அந்தப் பொதுக்கூட்டத்தை நினைக்காத நாள் இல்லை. தற்காலிகத் தொழிலாளர்களின் வாக்குமூலங்களைப் பெயர் போடாமல் தொகுத்தோமே, அந்தக் கட்டுக்குள் உங்கள் கதையையும் செருகிவிடலாம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஒரே குஷி. யாருக்கும் அடையாளம் தெரியாதபடி மாற்றி அடி என்று கையால் எழுதிய தாளை என்னிடம் கொடுத்தீர்கள். ஆபீஸைத் துணிக்கடை ஆக்கினேன். செயலாளரை முதலாளி ஆக்கினேன். ஆறு வருஷத்தை ஏழாக்கினேன். இரண்டு முறை படித்துப் பார்த்து, கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

செயலாளர் மேடையில் அதைத்தான் தேர்ந்தெடுத்து வாசித்தார். நாம் அவருக்கு வைத்த 'தழுதழுப்பு' என்ற பெயருக்கு அன்று ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மா சாகக் கிடக்கிறாள், லீவு வேண்டும் என்று அந்தப் பெண் கேட்கிற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்து முதலாளி சொல்கிற பதிலை வாசித்தார். "நாலு நாள்ல மூச்சு நாள் வருதே, அப்ப போய்ப் பாத்துக்கம்மா."

அந்த வரியோடு நின்றுவிட்டார். தொண்ணூறாம் நாளுக்கு மூச்சு நாள் என்று பெயர் வைத்தவரே அவர்தான். உலகத்தில் வேறு எந்தக் கடையிலும் அந்தச் சொல் கிடையாது. தினமும் புழங்கிப் புழங்கி அது நம் ஆபீஸ் சொல் என்பதே எனக்கு மறந்துபோய், மாற்றாமல் அடித்திருந்தேன். அடுத்த வரியை அவர் வாசிக்கவில்லை. அம்மா அந்த நாலு நாள் பொறுக்கவில்லை என்ற வரி அது. துக்கத்தில் அவருக்குக் குரல் அடைத்துவிட்டது என்று நினைத்துக் கூட்டமே எழுந்து கை தட்டியது. அவர் ஏன் நின்றார் என்று கடைசி வரிசையில் இருந்த எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் எட்டுப் பேரையும் நிற்கவைத்து, எழுதியது யார் என்று கேட்டார். நீங்கள் ஓர் அடி முன்னால் வந்தீர்கள். அடித்தது யார் என்று கேட்டதற்கு நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாக்குமூலம் கட்டுக்கதை என்று எழுதிய தாள் சாயங்காலம் எங்களிடம் சுற்றுக்கு வந்தது. மூன்றாவது கையெழுத்து என்னுடையது. முதல் இரண்டு பேர் அழுதுகொண்டே போட்டார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. பேனா நன்றாக எழுதுகிறதே என்றுதான் தோன்றியது. அடுத்த மூச்சு நாளுக்குப் பிறகு உங்களை அவர்கள் கூப்பிடவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் நீங்கள் கொடுத்த புகார் வரும் மாதம் விசாரணைக்கு வருகிறது. அதில்தான் இப்போது ஆபீஸே கலங்கிப்போயிருக்கிறது. நேற்று செயலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மேசைமேல் ஒரு நிரந்தர வேலை உத்தரவு இருந்தது. என் பெயர் இருந்தது, அவர் கையெழுத்து மட்டும் இல்லை. பிரசவத்துக்கு லீவு உண்டு என்று விரல் வைத்துக் காட்டினார். வரும் வெள்ளிக்கிழமை எனக்கு எண்பத்தொன்பதாம் நாள். "இந்தத் தடவை உன் மூச்சு நாள் கொஞ்சம் நீளலாம்மா. அக்காகிட்டேருந்து என்ன பதில் வருதோ, அதப் பொறுத்து" என்றார். குரல் தழுதழுத்தது. பாவம், அவருக்கு அது பழக்கமாகிவிட்டது.

இந்த உறையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். கற்பனையாக எழுதினேன், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று இருக்கும். நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டால் இங்கே திரும்பி வரும் வழி உங்களுக்கு அடைபட்டுவிடும். உங்கள் அம்மா கடைசியில் உங்களைத் தேடியதும் பொய் என்று ஆகிவிடும். தெரிந்தேதான் கேட்கிறேன். உங்களுக்கு வயிற்றுச் சுமை இல்லை, எப்படியும் பிழைத்துக்கொள்வீர்கள் என்று இவர் சொல்கிறார். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் வசதியாக இருக்கிறது.

தாளின் கடைசியில் 'நானே எழுதி, நானே தட்டச்சு செய்தேன்' என்று ஒரு வரி இருக்கும். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுகிறவர் நீங்கள் என்பது ஆபீஸுக்கே தெரியும். அந்த வரியைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அக்கா. நான்தான் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி அனுப்புங்கள். பிறக்கப்போவது பெண்ணாக இருந்தால் உங்கள் பெயரை வைக்கலாம் என்று முன்பு ஆசைப்பட்டேன். இனி வைக்கமாட்டேன், தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட என்னால் முடியாது. நீங்கள் நன்றாக இருக்கவேண்டும்.

என்றும் உங்கள்,
பக்கத்து மேசைத் தங்கை