ஒற்றைக் கையில் ஒரு கிராசிங்

அடியே,

இன்று காலை வாலாஜாபாத்தில் நம் வண்டியை நிறுத்திவிட்டார்கள். எதிர் வண்டிக்குக் கிராசிங். "டெய்லி இதே ரோதனையா போச்சுபா" என்று பெட்டி முழுக்கப் புலம்பல். ஜன்னலுக்கு வெளியே, தண்டவாளம் பிரியும் இடத்தில், பாயிண்ட் மாறுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், உன் செவிலிமேட்டு மாடி அறைக்கே போய்விட்டேன்.

எத்தனை வருடம் இந்த வண்டியில் சேர்ந்து வேலைக்குப் போனோம்! மற்ற பெண்கள் பூக் கட்டுவார்கள், தூங்குவார்கள். நீ ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துத் தண்டவாளத்தைப் பார்ப்பாய். பார்த்ததையெல்லாம் வீட்டு மாடியில் பலகை மேல் பொம்மை ரயிலாகக் கட்டினாய். காஞ்சிபுரம் ஸ்டேஷன், வாலாஜாபாத், பாலாற்றுப் பாலம். "பைத்தியமாடி உனக்கு?" என்றால், "ஆமாம்பா, இருந்துட்டுப் போவுது" என்பாய்.

அப்புறம் பக்கவாதம் வந்து உன் வலது கை விழுந்துவிட்டது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் ஒரு கை, பாயிண்ட்டுகளைத் திருப்பும் சுவிட்சுகளில் இன்னொரு கை வேண்டுமே. சுவிட்சை நான் போடுகிறேன் என்றேன். முறைத்தாய் பார், அம்மாடி!

"நீ போட்டா அது உன் ரயிலுபா. நானே ஓட்டணும். ஒரு பட்டன தொட்டா, அந்த வழியில இருக்கற பாயிண்ட்டு அத்தனையும் தானா திரும்பணும்."

நெசவுக்காரர் வீட்டுப் பெண் அல்லவா? ஒரு மரச் சட்டத்தில் பட்டன் கம்பிகளைப் பாவு போல நெட்டாகவும், பாயிண்ட் கம்பிகளை ஊடை போலக் குறுக்காகவும் இழுத்துக் கட்டினாய். எந்த வழிக்கு எந்தப் பாயிண்ட் வேண்டுமோ, அந்த இரண்டு கம்பிகள் சந்திக்கும் இடத்தில் பற்றவைத்தாய். விழுந்த கையைக்கூட நீ சும்மா விடவில்லை. இடது கையால் அதைத் தூக்கி, கம்பி நகராதபடி மேலே வைத்துக்கொண்டு சால்டரிங் செய்தாய். பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முடித்துவிட்டுப் பட்டனை அழுத்தினாய். திரும்ப வேண்டியதும் திரும்பியது, வேண்டாததும் திரும்பியது. பலகை முழுக்கப் படபடவென்று ஒரே கூத்து. நான் சிரித்தேவிட்டேன். நீ சிரிக்கவில்லை. பல நாள் என் போனை எடுக்கவில்லை. பிறகு நீயே கூப்பிட்டாய்.

"தறியில இழை இழையத் தொட்டா ஒண்ணும் ஆவாது. இங்க கரென்ட்டு திரும்பி வந்து அடுத்த பட்டன் கம்பியில பூந்துக்கினு போவுதுபா. ஒவ்வொரு முடிச்சுலயும் ஒரு டையோடு வெக்கணும். அது ஒரு பக்கம்தான் உடும்."

போட்ட முடிச்சையெல்லாம் பிரித்தாய். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய அந்த டையோடுகளை ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாக வைத்தாய். ஒன்றைத் தலைகீழாக வைத்தாலும் போச்சு. ஒரு ஃபியூஸ் போட வராது எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, அறை வாசலிலேயே நிறுத்தினாய். "கிட்ட வராத. கைய பின்னால கட்டிக்கோ."

பட்டனைத் தொட்டாய். வாலாஜாபாத்தின் இரண்டு முனையிலும் டக்கென்று ஒரே சத்தம். ஒரு வண்டி ஒதுங்கி லூப் லைனில் நின்றது. உன் விரல் அடுத்த பட்டனுக்குப் போனது, பிறகு குமிழுக்கு. எதிர் வண்டி மெயின் லைனில் சர்ரென்று தாண்டிப் போனது. இன்னொரு பட்டன். நின்றிருந்த வண்டி கிளம்பியது.

கடவுளே, என்ன காட்சி அது! கருட சேவைக் கூட்டத்தில் நின்றபோதுகூட எனக்கு உடம்பு அப்படிச் சிலிர்த்ததில்லை.

நீ திரும்பி, "பாத்தியாபா?" என்று கேட்பாய் எனக் காத்திருந்தேன். நீ திரும்பவே இல்லை. அடுத்த கிராசிங்குக்கு வண்டிகளைத் தயார்செய்துகொண்டிருந்தாய். நான் நிற்பதே உனக்கு மறந்துபோயிருந்தது.

நீ போன பிறகு, உன் அண்ணன் பலகையை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். எனக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். யாருக்கும் தேவைப்படாமல் அந்த வாசலில் நான் நின்ற நேரம் எனக்குப் போதும். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் நின்றதில்லை.