ஒன்றும் நடக்காத அத்தியாயம்

ஜூன் 8, சனி

கொயிலாண்டித் துணிக்கடை லிஃப்ட் ரிப்பேர் மதியம்வரை உயிரை வாங்கியது. கடைசியில் பார்த்தால் கதவு சென்சாரின் கண்ணில் தூசி. துடைத்தேன், ஓடியது. எல்லாக் கண்ணும் இப்படி இருந்தால் நல்லது.

சாயங்காலம் அக்கா ஷீனா சேச்சியை ஸ்கூட்டரில் வாசகசாலைக்கு, அவளுடைய சனிக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மழை என்பதால் தம்பி கூட வருகிறான் என்று கூட்டத்தாரிடம் சொல்லியிருக்கிறாள். நான் பின் பெஞ்சில். அடுத்த நாவல் முடிவாகிவிட்டது, கயிறு திரிக்கும் களம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் கதை. எதில் படிப்பது என்பதில்தான் சண்டை. புதுப் பதிப்பு கடைகளில் தீர்ந்துவிட்டது, எப்போது மறுபடி அச்சாகும் என்று யாருக்கும் தெரியாது. வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் பாலேட்டன், "நம்ம அலமாரியில பழசு ஒண்ணு இருக்கே, முறைவச்சு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"அப்ப என் முறை ஓணத்துக்குத்தான் வரும். அதுவும் டோமி வீட்டு மத்திக் குழம்பு வாசனையோட," என்றாள் தையல்கடை ரம்லா.

"குழம்பு பிடிக்கலேன்னா ஈ-புக் வாங்கி ஃபோன்ல படி. இன்னிக்கே எல்லார் கையிலயும் இருக்கும்," என்றான் டோமி.

எல்லோரும் தலையாட்டினார்கள். "ஷீனா, நீ என்ன சொல்றே? எதுக்கும் எதிர்வாதம் பேசுவியே!" என்றாள் ரம்லா.

"ஃபோனே இருக்கட்டும்."

பொய். அவளால் ஃபோனில் படிக்க முடியாது. விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது. இப்போது ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற அளவுதான். மருந்து இல்லை. கூட்டுறவு வங்கி வேலையைப் போன வருடம் இதனால்தான் விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், வெளியே அவளுக்கு இந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். அவர்களிடம் சொல்லக்கூடாதாம்.

ஜூன் 9

சின்ன விஷயம் என்று நினைத்தேன். அவள் ஃபோனில் எழுத்தை மும்மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தேன்.

"லிஜு, எனக்கு ஒரு எழுத்தோட கால் மட்டும் தெரியுது."

இன்னும் பெரிதாக்கினேன். அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. குழாய்க்குள் பெரிய எழுத்து நுழையாது. சின்னதாக இருக்க வேண்டும். ரொம்பச் சின்னதானால் கலங்குகிறது. படித்த முட்டாள் நான். ஃபோனே வாசித்துக் காட்டும் குரலையும் போட்டுப் பார்த்தோம். அது மலையாளத்தை மென்று துப்பியது. அணைத்துவிட்டாள்.

ஜூன் 12

பாலேட்டனின் பழைய பிரதியை வாங்கிவந்தேன். சும்மா கிடக்கிறதே என்றுதான். திறந்து பார்த்தால் பழைய மலையாள லிபி, பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தராதது. இரண்டு மெய் சேர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். உகரம் தனியாக நிற்காமல் எழுத்தின் வாலாகத் தொங்கும். எனக்கு நாலு வார்த்தைக்கு ஒருமுறை தடுக்கியது.

பழைய புத்தகங்களில் பழகிய சேச்சி அதை முகத்தருகே கொண்டுபோனாள். மெல்ல நகர்த்தினாள். பிறகு, "முழு வார்த்தை தெரியுதுடா."

அப்புறம் எனக்குப் புரிந்தது. புதிய லிபி வார்த்தையை இழுத்து நீட்டிவிட்டது, பழையது நெருக்கி அடுக்குகிறது. அதனால் அந்தக் குழாய்க்குள் அடங்குகிறது. ஒரு பக்கம் படித்தாள். இன்னொரு பக்கம். புட்டு ஆறிப்போனது, நான் கூப்பிடவில்லை.

ஜூன் 18

மழை விடவே இல்லை. பகலிலேயே வீடு இருட்டு. விளக்கைக் கிட்டே வைத்தால் தாள் பளிச்சிட்டுக் கண் கூசுகிறது, தள்ளி வைத்தால் எழுத்தே இல்லை. வரியின் முனையிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வருவதற்குள் வழி தவறிவிடுகிறாள். விரலை வைத்தாள், ஸ்கேலை வைத்தாள். தலைவலி. அவர்கள் பாதி நாவல் தாண்டிவிட்டார்கள். இவள் இரண்டாம் அத்தியாயம்.

"சொல்லிடலாம் சேச்சி. கண்ணு தெரியலன்னு சொல்றதுல என்ன?"

"தெரிஞ்சா அப்புறம் நான் என்ன சொன்னாலும் சரின்னுவாங்க. ரம்லா என்கூட சண்டையே போட மாட்டா. அதுக்கு நான் வீட்டுலயே இருக்கலாம்."

விளக்கை அணைத்தேன்.

ஜூன் 21

ஏற்பாடு: நான் ஃபோனில் படித்துக் கதையைச் சொல்வேன், அவள் நாளைக்குக் கூட்டத்தில் பேசுவாள். சொன்னேன்.

"மாதவி கிணத்தடியில அழறான்னு சொன்னியே, எப்படி அழறா?"

"அழறா. அவ்வளவுதான்."

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னு சொல்ற மாதிரி சொல்றியேடா, தெய்வமே."

ஜூன் 22, சனி

நடந்தது! நான் சொன்ன எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு ஏதேதோ கட்டினாள். மாதவியின் புருஷன் கோழை இல்லை என்றாள். ரம்லா மேசையைத் தட்டினாள்: "கோழைதான்டி! நீ ஒருத்தனக் கட்டிட்டு வந்து அப்புறம் பேசு!" அரைமணி நேரம். சேச்சி முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரும் வழியெல்லாம் பின்சீட்டில் வாதம் தொடர்ந்தது, என்னுடன்.

ஜூன் 29, சனி

எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

இந்த வாரம் வடகரையில் புது லிஃப்ட் மாட்டும் வேலை, படிக்க நேரமில்லை. மாதவியின் புருஷன் சாகும் அத்தியாயத்துக்கு அடுத்ததைத் தாண்டிவிட்டேன். புரட்டித்தான் பார்த்தேன்: மாதவி துணி காயப்போடுகிறாள், மழை வருகிறது, எடுக்கிறாள், மறுபடி போடுகிறாள். கடைசிவரை அதேதான். ஒன்றும் நடக்கவில்லை. அப்படி ஒரு அத்தியாயம் இருக்கிறது என்றுகூட சேச்சியிடம் சொல்லவில்லை. அடுத்ததில் களத்துக்குத் தீ வைக்கிறார்கள், அதை விவரமாகச் சொன்னேன்.

இன்றைக்கு அவர்கள் பேசியது முழுக்கத் துணி. செத்துப்போன புருஷனின் சட்டையும் அந்தக் கொடியில் இருக்கிறதாம், அவள் அதைத்தான் முதலில் எடுக்கிறாளாம். பாலேட்டன்கூடக் கண்ணைத் துடைத்தார். ரம்லா திரும்பினாள்: "ஷீனா, அந்தச் சட்டைய அவ மடிச்சு வைக்கிறாளே, அதப் பத்தி நீதான் சொல்லணும்."

சேச்சி, "அந்தத் தீ வைக்கிற இடத்துலதானே..." என்றாள்.

டோமி கைகொட்டிச் சிரித்தான். "மாட்டிக்கிட்டாங்க! சேச்சி படிக்கவே இல்ல! இவ்வளவு நாளும் எங்க காதுல பூ சுத்தியிருக்காங்க!" எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. சேச்சியும் சிரித்தாள். நான் எழுந்துவிட்டேன், வாயைத் திறந்துவிட்டேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பார்த்தாளா, சத்தத்தை வைத்துத் திரும்பினாளா, தெரியாது. உட்கார்ந்துவிட்டேன்.

வழியில் கேட்டாள்: "ஏன்டா சொல்லல?"

"அதுல ஒண்ணும் நடக்கல சேச்சி."

"ம்."

ஜூலை 1

அத்தியாயத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஜூலை 4

புத்தகத்தைப் பாலேட்டனிடம் கொடுத்துவிடு என்றாள். கொடுத்தேன். அதற்குள்ளாகவா என்றார்.

ஜூலை 6, சனி

நாலு மணிக்கு ஸ்கூட்டரைத் துடைத்து வைத்தேன். அவள் உடை மாற்றவில்லை. ஃபோனை நீட்டினாள். "அந்த வாட்ஸ்ஆப் குரூப்லருந்து என்னை எடுத்துடு. எங்க அமுக்கணும்னு தெரியல."

"நல்லா யோசிச்சுக்கோ."

"அமுக்குடா."

அமுக்கினேன்.

பால் இல்லாமல் கட்டன்சாயா போட்டுக்கொண்டிருந்தபோது என் ஃபோனில் ரம்லா. "லிஜு, கை தவறி வெளிய போயிட்டாளா? இல்ல, அன்னிக்குச் சிரிச்சதுல கோவமா? கோவம்னா சொல்லு, நானே வந்து ஒரு சண்டை போட்டு இழுத்துட்டு வரேன்."

வா என்றால் வந்திருப்பாள். வந்தால் ஒரு நிமிடத்தில் கண் விஷயத்தைக் கண்டுபிடித்திருப்பாள்.

"படிக்க நேரம் இல்லையாம் ரம்லாத்தா," என்றேன். "அவளுக்கு அலுத்துப்போச்சு."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. "அப்படியா. சரி," என்று வைத்துவிட்டாள்.

உள்ளேயிருந்து சேச்சி கேட்டாள்: "யாருடா?"

"கம்பெனியிலருந்து."