குளம்பில் வைத்த புளியங்கொட்டை

நைனா,

பென்சில் எடுக்க ஜாமெட்ரிப் பெட்டியைத் திறந்தேன். புளியங்கொட்டை உருண்டு விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். இன்னும் நம் குதிரை செவலையின் குளம்பு வாசனை அடிக்கிறது. சித்தப்பா பக்கத்தில்தான் தூங்குகிறார். விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் விழித்துக்கொண்டால் என் முதுகுத்தோல் மிஞ்சாது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

நீ போனபிறகு ஜட்காவை அவர்தான் ஓட்டுகிறார். காஞ்சிபுரம் பக்கம் குதிரைகளுக்கு ஒரு காய்ச்சல் வருகிறது, கண்ணுக்கு மேல் வீங்கி, மூக்கில் நுரை தள்ளிச் செத்துப்போகின்றன என்று சேதி வந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஏரிக்கரைக்கு வந்து தடுப்பூசி போடுவார் என்று தமுக்கடித்தார்கள். போட்டால் இரண்டு வாரம் வண்டியில் பூட்டக் கூடாதாம். அதுவோ பழையசீவரத்துத் திருவிழா நேரம். சவாரி குவிகிறபோது குதிரையை எவன் சும்மா கட்டிப்போடுவான் என்று வண்டிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோது, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டோமே, அதுதான் ஞாபகம் வந்தது.

தண்ணீர் காட்டப் போகிறேன் என்று செவலையை அவிழ்த்துக்கொண்டு போனேன். பெரியவர்கள் யாரும் வரவில்லையா என்று டாக்டர் கேட்டார். “நைனா பின்னால வர்றாரு சார்” என்றேன். அது பொய்தானா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. ஊசியைக் கண்டதும் செவலை முன்காலைத் தூக்கியது. கூட்டம் விலகி ஓடியது. லாடம் அடிக்கும்போது நீ செய்வாயே, அதேபோல அதன் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். “பயம் மனசுல இருக்கட்டும், கைக்கு வரக்கூடாது” என்பாய் நீ. கழுத்தில் ஊசி இறங்கியது. செவலை அசையவில்லை, நைனா.

இனி இரண்டு வாரம் சித்தப்பா அதை வண்டியில் பூட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல குதிரையை நொண்ட வைத்து விலை குறைக்கும் தரகர் வித்தையை நீ ஒருநாள் சொன்னாய் அல்லவா? விடியும் முன்பே பின்னங்குளம்புப் பள்ளத்தில் புளியங்கொட்டையைச் செருகுவேன், மாலையில் எடுப்பேன். எடுத்தபின் அந்தக் காலை வெகுநேரம் தேய்த்துவிடுவேன். உதைக்குப் பயந்து சித்தப்பா பின்னங்காலைத் தொடமாட்டார். நொண்டுவதைப் பார்த்துத் திட்டிக்கொண்டே இரண்டு நாள் பூட்டாமல் விட்டவர், மூன்றாம் நாள் லாடக்காரரையே கூட்டிவந்துவிட்டார்.

காலைத் தூக்கிப் பிடித்தவர் புளியங்கொட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். செவலையின் கழுத்தில் ஊசிக்காக மயிர் கத்தரித்த இடத்தையும் பார்த்தார். அவர் கொட்டையை நோண்டி எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, தூரத்தில் நின்ற சித்தப்பாவிடம் குரல் கொடுத்தார்.

“இன்னாடா, உங்கண்ணன் இருந்தா குதிரைய இப்டியா வெச்சிருப்பான்? குளம்புல சூடு கீது. ரெண்டு வாரம் பூட்டாத. பூட்டினா, அப்பறம் நீதான் வண்டிய இஸ்துக்கினு போவணும்.”

போகும்போது கொட்டையை என் கையில் திணித்தார். அதற்குப்பின் அது தேவைப்படவே இல்லை.

திருவிழா முடிந்ததும் அந்தக் காய்ச்சல் இங்கேயும் வந்தது. நம்மோடு நிற்கும் வண்டிகளில் மூன்று குதிரைகள் விழுந்துவிட்டன. செவலை மட்டும் வைத்த கொள்ளுத் தீனியை மிச்சம் வைக்காமல் தின்றுகொண்டு, மினுமினுவென்று நிற்கிறது. “எங்கண்ணன் கை பட்ட குதிரை, சாவுகூட கிட்ட வராது” என்று சித்தப்பா ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறார்.

நாளைக்கு டாக்டர் மறுபடி வருகிறார். இந்தத் தடவை வண்டிக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. முதல் ஆளாய்ச் செவலையோடு போய் நிற்கப் போவதாகச் சித்தப்பா சொல்லிவிட்டுப் படுத்தார். ஏற்கெனவே ஊசி போட்ட குதிரை என்று டாக்டர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடப் போகிறேன். அடி விழும். விழட்டும். கொட்டிலில் செவலை கனைக்கிறது, கேட்கிறதா?

இப்போது என் கை நடுங்குகிறது. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். காலையில் இந்தப் புளியங்கொட்டையைச் சித்தப்பாவின் கையில் வைக்கும்போது நடுங்காது.