முள்சீத்தா இலைக் கஷாயம்

அன்புத் தங்கை இபாகேவுக்கு,

நேற்று எலியேசர் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். உன் கணவர் இப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, இபாகே ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேங்குறா. முள்சீத்தா இலைக் கஷாயமே போதுமாம். எங்க அக்கா கண்டுபிடிச்ச மருந்துன்னு சொல்றா," என்றார்.

என் ஆய்வைப் பற்றி ரேடியோவில் பாதியைத்தான் சொன்னார்கள். கண்ணாடித் தட்டில் இருந்த புற்றுநோய்ச் செல்களை அந்த இலைச்சாறு கொன்றது உண்மை. அதையே எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டி கரையவில்லை, எலிகள்தான் இளைத்துப்போயின. வருடக்கணக்காக இந்த மரத்தோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டேன். என்றாவது ஒருநாள் அது மருந்தாகலாம். அதுவரை உன்னைக் காக்க வைக்க எனக்கு மனமில்லை.

"உன் மரத்தை நீயே நம்பலியாக்கா?" என்று போனில் சிரித்தாய். நீயும் அதை நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். போன தடவை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த பிறகு நீ பட்ட பாட்டை எலியேசர் சொன்னார். ராத்திரி முழுக்க வாந்தியாமே. அந்தப் பயத்தில்தானே கஷாயத்தைச் சாக்குச் சொல்கிறாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ.

லீவு போட்டுவிட்டேன். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தத் தடவை வாளியை நான் பிடிக்கிறேன். என்னோடு வாதாட வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நில், போதும்.

உன் அக்கா