தண்ணீர்த் தொட்டியில் பால்

ஜூலை 6, ஞாயிறு

புழுக்கம். கடல் காற்று மதியத்துக்கு மேல்தான்.

அண்ணியுடன் செங்கல்பட்டு போய் காபி மெஷின் வாங்கியாயிற்று. அங்கே ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு நர்ஸ் வேலை. காலை டூட்டிக்குப் புதுப்பட்டினத்திலிருந்து முதல் பஸ். அதற்கு முன் இருட்டில் எழுந்து, பில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி, அம்மா அப்பாவுக்குக் காபி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அண்ணனுக்கு வேலை ஓசூரில். நான் பரீட்சைக்குப் படிக்கிற பெண். விடிந்து வெகு நேரம் வரை தூக்கம்.

கடையில் அண்ணி கேட்டது ஒன்றுதான்: "இதுல டைமர் கீதா, தானா ஆன் ஆவறதுக்கு?" மற்றதெல்லாம் நான். கண்ணாடி ஜாடி வேண்டாம், அடியில் சூட்டுத்தட்டு, வைத்திருந்தால் கசந்துபோகும். பிளாஸ்க் ஜாடி. காகித வடிகட்டி வேண்டாம், நம் தூளில் சிக்கரி, அடைத்துக்கொள்ளும். கம்பி வலை. கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையாக இருந்தது.

ஜூலை 7, திங்கள்

மெஷினில் பம்பு கிடையாது. தொட்டித் தண்ணீர் அடியில் ஒரு குழாய்க்குள் இறங்கிச் சூடாகிறது. கொதிக்கும் குமிழ்கள் அதை மேலே தள்ள, தூள்மேல் சொட்டுகிறது. கடகட சத்தம் அந்தக் குமிழ்கள்.

அண்ணி: "இன்னிக்கித்தான் நிதானமா ஜடை பின்னினேன் பவி."

அம்மா: "காபியா இது? பாத்திரம் கழுவுன தண்ணி மாரி கீது."

அப்பா: "சூடா கீது இல்ல, வுடு."

அம்மா: "இந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் பழைய பில்டருதான்."

ஜூலை 9, புதன்

தூளைக் கூட்டி, தண்ணீரைக் குறைத்தும் அம்மாவுக்கு அதே பேச்சு: தண்ணி, தண்ணி.

மதியம் அம்மா திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்கு ஒரு யோசனை. தண்ணியாக இருப்பதுதானே குறை? தொட்டியில் பாலை ஊற்றினேன்.

கடகட. பிறகு ஒரு முனகல். கருகல் நாற்றம். நின்றுவிட்டது.

ஜாடி, வலை, தொட்டி எல்லாம் கழுவினேன். குழாய் உள்ளே இருக்கிறது, கை போகாது. தண்ணீர் ஓடினால் சரியாகிவிடும் என்று நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணிக்காகச் செய்தேன் என்று எழுதப் போனேன். பொய். ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது.

ஜூலை 10, வியாழன்

அம்மா குரல் கேட்டு விழிப்பு. "இன்னா பண்ணி வச்ச கோமதி? வூடே நாறுது!"

அண்ணி: "தண்ணிதான் அத்தை ஊத்தினேன்."

"நீதான டெய்லி அதத் தொடற? காலைல தூங்கணும், அதுக்கு ஒரு மிஷினு."

கதவுக்குப் பின்னால் நான், வாயில் பற்பசை நுரை. துப்பிவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கலாம். அண்ணி காபி குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஜூலை 11, வெள்ளி

வினிகர் ஊற்றிப் பார்த்தேன். எலுமிச்சை. பழுப்பாக நாலு சொட்டு, அவ்வளவுதான்.

பித்தளை பில்டர் மறுபடி அடுப்படிக்கு வந்துவிட்டது. விடியுமுன் சுவருக்கு அப்பால் அண்ணி போன் அலாரம். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

மொட்டைமாடியில் துணி காயப்போட்டோம். அண்ணி என்னைப் பார்க்காமலே: "தொட்டி மூடில பாலாடை ஒட்டிகினு இருந்திச்சி. தொடச்சிட்டேன்."

"எப்போ?"

"அன்னிக்கே. அத்தை பாக்கறதுக்கு முன்ன."

ஒரு புடவையை உதறிப் போட்டுவிட்டு: "உனக்குப் பரீச்சை கீது. இப்பத் திட்டு வாங்கினா படிப்பு ஏறுமா? எனக்குப் பழக்கம்தான்."

பழக்கம்தான். கிளிப்புகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா சங்கரா மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன், அண்ணி மூடியைத் துடைத்ததையும்.

"பாலா? அதுலயா?"

"ம்."

"அவ ஏன் சொல்லல?"

அம்மா அடுத்த மீனை எடுத்தாள்.

"பில்டர்ல எவ்ளோ தூளு போடணும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"நாலு ஸ்பூனு. மேல லேசா அமுக்கணும்."

சாயங்காலம் அண்ணி கிள்ளினாள். "யாரு உன்ன சொல்லச் சொன்னா?" காலைக் காபி இனி நான் போடுகிறேன் என்றேன். கை இன்னும் எரிகிறது. நன்றாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

இருட்டு. தூக்கக் கலக்கம். தூளைக் கொஞ்சம் சிந்திவிட்டேன். பில்டரில் வெந்நீர் ஊற்றி மூடியாயிற்று. மெஷினாவது சத்தம் போடும். இது இறங்குகிறதா என்றே தெரியவில்லை. அடிப்பாத்திரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இப்போதுதான் லேசாகச் சூடு.

அண்ணி அலாரம் அடித்தது. நின்றது.

கதவு திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்.