வெளிமாநில வண்டி, என் பெயரில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நீ வேண்டவே வேண்டாம் என்ற அந்த வெளிமாநிலப் பழைய ஸ்கூட்டரை என் பெயருக்கே பதிவு செய்துவிட்டேன்.

வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் துருவில் தெரியவில்லை என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆய்வாளர் திருப்பித் திருப்பி அனுப்பினார். கடைசியில், "வீட்ல ஆம்பளை யாராச்சும் இருந்தா வரச் சொல்லும்மா" என்றார்.

"ஓட்டப்போறது நான்தான் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரே வண்டிக்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன். கையோடு கொண்டுபோயிருந்த மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் போட்டுத் தேய்த்து, நம்பரைப் பென்சிலால் காகிதத்தில் உரசி எடுத்து நீட்டினேன். வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

சுடிதாரில் கிரீஸ் கறை. எதைப் போட்டால் போகும்?

அப்புறம், கொண்டையை அவிழ்த்துவிட்டு உன் தலையை நூலால் அளந்து, அந்த நூலை அனுப்பு. இன்னொரு ஹெல்மெட் வாங்கணும். பின் சீட்டு சும்மாவே வருகிறது. "எனக்கெதுக்குடி" என்று மட்டும் எழுதாதே.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் அடங்காப்பிடாரி